எதற்குப் பயப்படணும், எதை விட்டுவிடலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. தினமும் தேய்ப்பது, பூசுவது, துடைப்பது, சமைப்பது என எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, அது நம்மை என்ன செய்யும்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதற்கே எல்லாப் பக்கங்களையும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், ஷாம்புவில் விஷம், பாட்டிலில் விஷம், சட்டியில் விஷம் என்று தினமும் ஒரு வீடியோ வருகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வாழ முடியுமா? எங்கிருந்துதான் ஆரம்பிப்பது?
– இரண்டு குழந்தைகளின் தாய்

பதில்: முடியாது, தேவையும் இல்லை. வீட்டிலிருக்கும் வேதிப்பொருட்களை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். உடனே தாக்குபவை ஒன்று. உடம்புக்குள் போய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிவிடுபவை இன்னொன்று. உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும், ஆனால் தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்கும், அது மூன்றாவது வகை. வீடியோக்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பற்றியே பேசுகின்றன. நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது முதல் வகையிலிருந்து.

கழிவறை கழுவும் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு பாட்டிலில் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனர் இருக்கும், பக்கத்திலேயே பிளீச் இருக்கும். கறை போகவில்லையே என்று ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயுதான், சின்னக் கழிவறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. பிளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், அதுவும் நுரையீரலைப் புண்ணாக்கும். கண் எரிந்து, இருமல் வந்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள், மூச்சு சரியாகாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிளீனர், ஜன்னல் திறந்தபடி. அதோடு அந்தப் பாட்டில்களைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், குடிக்கிற பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை ஆராய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

கேள்வி: என் தங்கை ஒரு சிவப்பழகு கிரீம் பூசுகிறாள். தெரிந்தவர் ஒருவர் மூலம் வாங்கியது, டப்பாவில் எந்த விவரமும் இல்லை. இரண்டே வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது, அதனால் நான் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறாள். அது ஆபத்தா?
– ஓர் அக்கா

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை வந்ததிலேயே அவசரமானதாக நினைக்கிறேன். பெயர், முகவரி, சேர்மானப் பட்டியல் எதுவும் இல்லாத ஒரு கிரீம் இவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாதரசம், அடுத்தது வீரியமான ஸ்டீராய்டு. சில டப்பாக்களில் இரண்டுமே இருக்கும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உடம்பு தயாரிக்க ஒரு நொதி தேவை, பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால்தான் சீக்கிரமாகப் பலன் தெரிகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே வடிகட்டும் சவ்வுகள் பழுதாகி, சிறுநீரில் புரதம் ஒழுக ஆரம்பிக்கும். கால் வீக்கம், காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், நுரை நுரையாகப் போகும் சிறுநீர், இதெல்லாம் அதன் அறிகுறிகள். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் என்று நரம்பு வழியாகவும் காட்டும். பூசுகிறவருக்கு மட்டும்தான் இந்த நிலை என்றும் நினைக்காதீர்கள். அவர் தலையணை, துண்டு, கை பட்ட இடம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது ஒட்டிக்கொள்கிறது. பூசாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மினமாட்டா உடன்படிக்கை என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று அது சொன்னது. 2023இல் நடந்த கூட்டத்தில் அந்த 1 பங்கு சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்ததே கூடாது, 2025க்குள் நிறுத்துங்கள் என்று முடிவு செய்தார்கள். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பொருள் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் இது கடை வழியாக வருவதைவிட ஆள் வழியாக வருவதுதான் அதிகம்.

டப்பாவில் ஏதாவது எழுதியிருந்தால் கேலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி என்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எச்சரிக்கை இருந்தால் அதுவும் ஒரு துப்பு, பாதரசம் உலோகங்களோடு ஒட்டும் குணமுள்ளது.

தங்கையிடம் அழகைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, அவ்வளவுதான், எடுத்துப் பார்த்துவிடலாம் வா என்று கூப்பிடுங்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா, பாதரச அளவு எவ்வளவு, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் அந்த டப்பாவையே கையோடு கொண்டு போங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென்று நிறுத்தும்போது முகம் சிவந்து, எரிந்து, பருக்கள் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் அதையே பூச ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். அந்த நாட்களைத் தாண்டுவதற்குத்தான் மருத்துவர் தேவை. பாதரசம் மட்டும் என்றால் இன்றே நிறுத்தலாம். நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் மெதுவாக உடம்பைவிட்டு வெளியேறும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிறுநீரகம் தேறிவருகிற வாய்ப்பு அதிகம். மீதி கிரீமைச் சாக்கடையில் கொட்டாமல், உறை போட்டு இறுக்கி மூடி, அபாயகரமான குப்பை என்று தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: பாரபின் இல்லாத ஷாம்பு என்று போட்டிருந்ததால் விலை அதிகம் கொடுத்து மாறினேன். இப்போது கழுத்திலும் காது மடலிலும் ஓயாத அரிப்பு. நல்லதுக்கு மாறினால் கெட்டது வருமா?
– கல்லூரி மாணவி

பதில்: வரும், உங்களுக்கு வந்ததும் அதுவாக இருக்கலாம். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் கெடும். திறந்து திறந்து மூடுகிற பாட்டிலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், அதைத் தடுக்க ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைப் பாரபின் செய்துகொண்டிருந்தது. 2004இல் இங்கிலாந்தில் பிலிப்பா டார்ப்ரே என்ற ஆய்வாளரின் குழு மார்பகப் புற்றுக் கட்டிகளின் 20 மாதிரிகளில் பாரபினைத் தேடியது, இருந்தது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவி, பாரபின் என்றால் புற்றுநோய் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு காட்டியது, கட்டிக்குள் அது இருக்கிறது என்பதை மட்டும்தான். கட்டியை உண்டாக்கியது அதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை.

பாரபின் முற்றிலும் சாது என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல் செயல்படும் லேசான குணம் உண்டு. சில வகைகளுக்குப் போதுமான பாதுகாப்புத் தகவலை யாரும் தராததால் ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து பாரபின்களைத் தடை செய்தது, புரோப்பைல், பியூட்டைல் இரண்டுக்கும் அளவைக் குறைத்தது. மெத்தில், எத்தில் பாரபின்களை அனுமதித்தது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயமான வழி.

சரி, கம்பெனிகள் என்ன செய்தன? மக்கள் பயந்ததைப் பார்த்துப் பாரபினை எடுத்துவிட்டு, மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளை அள்ளிப் போட்டன. சில வருடங்களில் தோல் மருத்துவர்களிடம் ஒவ்வாமையோடு ஆட்கள் குவிய ஆரம்பித்தார்கள். 2013இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. ஐரோப்பா 2017இல் பூசிவிட்டு அப்படியே விடும் கிரீம்களில் அதைத் தடை செய்தது, கழுவிவிடும் ஷாம்பு மாதிரியானவற்றில் 10 லட்சத்தில் 15 பங்கு என்று கட்டுப்படுத்தியது. அதே அமெரிக்கச் சங்கம் 2019இல் பாரபினை, ஒவ்வாமை மிகக் குறைவாகத் தரும் பொருள் என்று சுட்டிக்காட்டத் தேர்ந்தெடுத்தது.

ஆகவே ‘இது இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று பின்பக்கச் சின்ன எழுத்தில் தேடுங்கள். உங்கள் பாட்டிலில் மெத்தில்ஐசோதயசோலினோன், டிஎம்டிஎம் ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15 இவற்றில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பின்னால் சொன்ன இரண்டும் மெதுவாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுத்தான் கிருமியைத் தடுக்கின்றன. ஷாம்புவை நிறுத்தியும் அரிப்பு போகாவிட்டால், சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் சிறு ஒட்டுகளாக வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பெயரோடு தெரிந்துவிடும். அந்தப் பெயரைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க உதவும்.

கேள்வி: நான்ஸ்டிக் சட்டியில் கீறல் விழுந்துவிட்டது. உரிந்த துகள் வயிற்றுக்குள் போயிருக்கும். புற்றுநோய் வருமா?

பதில்: அந்தத் துகளால் வராது. நான்ஸ்டிக் பூச்சு பிடிஎஃப்இ என்ற பாலிமர், 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அது எதனோடும் சுலபத்தில் வினைபுரியாது, விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். சட்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது சூடு. ஏறத்தாழ 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும், இன்னும் ஏறினால் வரும் புகை காய்ச்சல் மாதிரி நடுக்கத்தைக் கொடுக்கும். வீட்டில் வளர்க்கும் பறவைகள் அந்தப் புகையில் செத்தே போயிருக்கின்றன. வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், உரிய ஆரம்பித்ததை மாற்றிவிடுங்கள், இரும்போ ஸ்டீலோ இருந்தால் இன்னும் நல்லது.

பெரிய பிரச்சினை சட்டியில் இல்லை, அதைச் செய்த தொழிற்சாலையில் இருந்தது. பூச்சு தயாரிக்கப் பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற பொருள் அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றங்கரையில் ஒரு டூபாண்ட் ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களின் குடிநீரில் கலந்தது. வழக்கு நடந்து, சுமார் 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்து, நீதிமன்ற உடன்பாட்டின்படி அமைந்த அறிவியல் குழு ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக முடிவு செய்தது. சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் புண், அதிகக் கொழுப்பு, கர்ப்ப கால ரத்த அழுத்தம் என்பவை அந்த ஆறு. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஒருமுறை ரத்தத்தில் கலந்தால் பாதி குறையவே சில வருடங்கள் ஆகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொருட்கள் தண்ணீர் ஒட்டாத மழைச்சட்டை, கறை படியாத விரிப்பு, எண்ணெய் ஊறாத பொட்டலக் காகிதம், தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் இருந்திருக்கின்றன. சட்டியைவிட இவற்றைக் குறைத்துக்கொள்வதும், குடிநீரில் இவற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பதும் அதிகப் பயன் தரும்.

கேள்வி: பிபிஏ இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் இருப்பதைச் சார்லஸ் டாட்ஸ் என்ற ஆய்வாளர் 1936லேயே காட்டிவிட்டார், அதற்குப் பல வருடம் கழித்துத்தான் அதே பொருளை வைத்து பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் செய்தார்கள். எச்சரிக்கை முன்னால் வந்தது, பொருள் பின்னால் வந்தது, இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். 2011இல் ஐரோப்பா பால் பாட்டில்களில் தடை செய்தது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் தினமும் தாங்கக்கூடிய அளவு என்று தான் முன்பு சொல்லியிருந்ததை 20,000 மடங்கு குறைத்தது. 2024 கடைசியில் அங்கே உணவோடு தொடர்புள்ள பொருட்களில் பிபிஏவுக்கே தடை வந்தது.

‘பிபிஏ இல்லை’ என்ற சில பொருட்களில் அதன் உறவுக்காரரான பிபிஎஸ் இருக்கும், ஆய்வகத்தில் அதுவும் ஏறக்குறைய அதே மாதிரிதான் நடந்துகொள்கிறது. மேலே பாரபினுக்கு நடந்த கதைதான் இங்கேயும். பாட்டிலுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம், 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன். இந்த மூன்றையும் சூடான எதற்கும் பயன்படுத்தாதீர்கள். எண் எதுவாக இருந்தாலும் சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் பிளாஸ்டிக்கிலிருந்து பொருட்களை இழுக்கும். சூடானதுக்குக் கண்ணாடியும் ஸ்டீலும் போதும்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, குழந்தைக்கு அறை தயார் செய்யலாம் என்று என் கணவர் சொல்கிறார். என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் அம்மா. பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை நடக்கும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம், சுரண்டி முடித்துச் சுத்தமாகத் துடைத்த பிறகு வாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர்வாகத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத் தூசி படியும். கர்ப்பத்தில் ஈயத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்பு எப்போதோ உடம்பில் புகுந்த ஈயம் எலும்பில் ஒளிந்திருக்கும், குழந்தைக்காக உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும்போது அதுவும் கூடவே ரத்தத்துக்கு வரும். மருத்துவர் தரும் கால்சியத்தைத் தவறாமல் சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய பெயின்ட் வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது 10 லட்சத்தில் 90 பங்குக்குக் கீழே என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது வாசனை. ரூம் ஸ்பிரே, வாசனை மெழுகுவத்தி, பெர்ஃப்யூம், துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவம். இவற்றின் உறையில் ‘ஃப்ராகரன்ஸ்’ என்ற ஒரே வார்த்தைக்குள் டஜன்கணக்கான பொருட்களை அடக்கிவிடலாம், அவற்றில் வாசம் நீடிக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற பொருட்களும் சேர்த்திதான். தாலேட் போல ஹார்மோன்களைக் குழப்பும் பொருட்கள் பூட்டுக்குப் பொருந்தும் கள்ளச்சாவி மாதிரி வேலை செய்கின்றன, சிலது பூட்டைத் திறக்கும், சிலது அடைத்துக்கொண்டு நிற்கும். கருவில் ஆண் குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதங்களின் கடைசிப் பகுதியில், டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில் இருக்க வேண்டிய நேரம் அது. தாயின் சிறுநீரில் தாலேட் அதிகமாக இருந்தபோது பிறந்த ஆண் குழந்தைகளிடம் அந்த வளர்ச்சியில் மாற்றம் இருப்பதை ஷானா ஸ்வான் என்ற ஆய்வாளரின் குழு 2005இல் வெளியிட்டது.

தாயின் உடம்பு தாங்கிக்கொள்ளும் ஒன்றைக் கரு தாங்காது என்பதற்கு மிகத் துயரமான சான்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மாத்திரை. கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல் பாஸ்டனில் இளம்பெண்கள் எட்டுப் பேருக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்று வந்ததை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏழு பேரின் தாய்மார் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். பாதிப்பு வெளியே தெரிய ஒரு தலைமுறை ஆனது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த ஒன்பது மாதத்துக்கு வாசனைப் பொருட்களை ஒதுக்கி வைப்பது பெரிய தியாகம் இல்லை, செலவும் மிச்சம், அதனால் சொல்கிறேன்.

குழந்தைத் துணியை எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு, பிறந்த உடனே அது தெரியாமலும் போகலாம். நாப்தலீன் வாசம் ஏறிய துணியில் சுற்றியதாலேயே அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. கொசுவலை போதும்.

கேள்வி: அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். முடியை நேராக்கும்போது வரும் புகையில் கண் எரிகிறது. டப்பாவில் ஃபார்மால்டிஹைடு இல்லை என்றுதான் போட்டிருக்கிறது.

பதில்: உங்கள் கண் சொல்வதை நம்புங்கள். மெத்திலீன் கிளைக்கால் என்று ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் அது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடேதான், சூடான கருவி பட்டதும் வாயுவாகக் கிளம்பும். அது மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியானது. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வந்தது. முடி நேராக்கும் பொருட்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம். தொடர்பைத்தான் அது காட்டுகிறது, காரணத்தை அல்ல. ஆனாலும் வாடிக்கையாளர் வருடத்தில் சில முறை வந்து போகிறார், நீங்கள் தினமும் நிற்கிறீர்கள். துணி முகமூடியோ சாதாரண மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. வேலை செய்யும் இடத்திலேயே புகையை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கி வேண்டும், அது இல்லாமல் அந்தச் சேவையைச் செய்ய மாட்டோம் என்று சக ஊழியர்களோடு சேர்ந்து கேளுங்கள், ஒருவர் தனியாகக் கேட்பது கஷ்டம். ஹேர் டை போடும்போது கையுறை கட்டாயம். அதிலுள்ள பிபிடி என்ற சாயப்பொருள் ஒருமுறை ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு சொட்டு பட்டாலும் வீங்கும், வாடிக்கையாளருக்கும் 48 மணி நேரம் முன்பே சின்ன இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியால் சமைப்பது விஷம் என்று ஆய்வே வந்துவிட்டதாமே?

பதில்: 2024இல் வந்தது. பழைய மின்னணுச் சாதனங்களின் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும்போது தீத்தடுப்புப் பொருள் கரண்டியில் வந்து சேர்கிறது என்று அது கண்டது உண்மை. ஆனால் ஆபத்து எல்லையைக் கணக்கிடும்போது ஒரு கிலோ எடைக்கு 7,000 நானோகிராம் என்பதை 60 கிலோ உடல் எடையால் பெருக்கி 4,20,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 42,000 என்று எழுதிவிட்டார்கள். எல்லைக்கு மிக அருகில் என்று பரவிய செய்தி, சரியான கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. கரண்டி உருகியிருந்தால் மாற்றுங்கள், மற்றபடி அவசரம் இல்லை.

கேள்வி: அளவுக்கு மிஞ்சினால்தான் எதுவும் நஞ்சு. இவ்வளவு கொஞ்சத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன்?
– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்

பதில்: ஐயா, 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாரசெல்சஸ் காலத்திலிருந்து வருகிற அந்த விதியை நானும் மதிக்கிறேன், மேலே கரண்டிக்குச் சொன்ன பதிலே அதை வைத்துத்தான். ஆனால் அளவு எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 1960களில் குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால்தான் கவலை என்றார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை 1991இல் 10 ஆக்கியது, 2012இல் 5, 2021இல் 3.5. ஈயம் மாறவில்லை, நாம் அளக்கக் கற்றுக்கொண்டோம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஐம்பது அறுபது வருடங்களில் வளர்ந்த குழந்தைகள் இழந்த அறிவுத்திறன் திரும்ப வராது.

இன்னொன்று, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? டிரைகுளோசான் கலந்த கிருமிநாசினி சோப்பைப் பல பத்தாண்டுகள் விற்றார்கள். சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இது அதிகமாக என்ன செய்கிறது, தினமும் பயன்படுத்தினால் பாதுகாப்பா, தகவல் கொடுங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கேட்டபோது உற்பத்தியாளர்களால் போதுமான சான்று தர முடியவில்லை. 2016இல் டிரைகுளோசான் உட்பட 19 பொருட்களை அத்தகைய சோப்புகளில் நிறுத்தச் சொன்னார்கள். அதுவரை நாம் எதற்காக அதைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்? விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை விற்றுத் தீர்ந்த பிறகு கேட்கிறோம், என் ஆர்ப்பாட்டம் அதற்காகத்தான்.

கேள்வி: உடம்பில் சேர்ந்த ரசாயனத்தை வெளியேற்ற டீடாக்ஸ் பானம் குடிக்கலாமா?

பதில்: பணம் வீண். பாரபின், தாலேட், பிபிஏ எல்லாம் ஓரிரு நாளில் தானாகவே போய்விடும், நாம் மறுபடி சேர்க்காமல் இருந்தால் போதும். கலிஃபோர்னியாவில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்றே நாள் வேறு அழகுசாதனங்களுக்கு மாறியபோது சிறுநீரில் மெத்தில் பாரபின் 44 சதவீதமும் டிரைகுளோசான் 36 சதவீதமும் குறைந்ததை 2016இல் வந்த ஆய்வு காட்டியது. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் மருந்து உண்டு, ஆனால் அது ரத்தம், சிறுநீர் பார்த்து மருத்துவர் தர வேண்டியது.

கேள்வி: கடையில் பில் போடும் வேலை. நாள் முழுக்க அந்த வழவழப்பான காகிதத்தைத் தொடுகிறேன். அதிலும் ஏதோ இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. மை இல்லாமல் சூட்டில் எழுத்து வரும் அந்தத் தெர்மல் காகிதத்தின் மேல் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ தூளாகப் பூசியிருப்பார்கள், பிளாஸ்டிக்கில் போலக் கட்டுண்டு இல்லாமல் விரலில் ஒட்டும் நிலையில். சானிட்டைசர் தடவிய ஈரக் கையோடு தொட்டால் தோல் வழியாக உள்ளே போவது பல மடங்கு கூடும் என்று 2014இல் ஒரு சோதனை காட்டியது. ஹேண்ட் கிரீமும் அப்படியே. அதனால் கை நன்றாக உலர்ந்த பிறகு காகிதத்தைத் தொடுங்கள், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவுங்கள், நைட்ரைல் கையுறை கேளுங்கள், வேண்டாம் என்கிற வாடிக்கையாளருக்கு அச்சடிக்காமல் கைப்பேசிக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். ஃபீனால் (பிபிஏ, பிபிஎஸ் சேர்ந்த வகை) இல்லாத தெர்மல் ரோல்களும் சந்தையில் கிடைக்கின்றன, அடுத்த முறை ரோல் வாங்கும்போது அந்த வகையை வாங்கச் சொல்லுங்கள்.